ஏரிமண் பூசிய பீட்ரூட்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று அம்பத்தூரில் சொந்த லேத் பட்டறை, பருத்திப்பட்டில் மாடி வீடு, பெண்களுக்கு இன்ஜினியர் மாப்பிள்ளைகள். இதில் ஒன்றுகூட எவனும் தூக்கிக் கொடுத்ததில்லை. இதையெல்லாம் சாதித்தவனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சோறு இறங்கவில்லை.

பூந்தமல்லியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. அவன் மருமகள் பீட்ரூட்டை அலுமினியத் தாளில் சுற்றி ஓவனில் சுட்டு வைத்தாள். தம்பி ஒரு வாய் போட்டுவிட்டு, “எங்கம்மா கண்டுபுடிச்சது இது. எனக்கோசரமே அடுப்புல சுட்டுக் குடுக்கும்” என்றான். எல்லோரும் ஆகா என்றார்கள்.

கண்டுபிடித்தது நான்.

சின்ன வயதில் அவன் வெளிறிப்போய்க் கிடந்தான். ரத்தம் ஊற பீட்ரூட் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாற்று நடப் போகும் அம்மா, ஆவடி மார்க்கெட்டில் அதை வாங்கி வருவாள். வேகவைத்துக் கொடுத்தால் துரை துப்புவார். துப்பினாலும் கிழங்கு அவருக்குத்தான். தழையைக் கடைந்து எனக்கு. எனக்கும் ஏதாவது நோவு வரட்டும் என்று வெயிலில் நின்று பார்த்தேன். இரும்பு உடம்பு, வரவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா வருவதற்குள் ஒரு கிழங்கை எடுத்தேன். ஏரியில் பிடிக்கும் விராலை நாங்கள் களிமண் பூசி நெருப்பில் போட்டுச் சுடுவோம். எனக்குத் தெரிந்த சமையல் அது ஒன்றுதான். பீட்ரூட்டுக்கும் அதையே செய்தேன். வெந்த மண் உருண்டையை உடைத்தபோது தோலும் சேர்ந்து கழன்று வந்தது. உள்ளே கருஞ்சிவப்பு, ஆவி, வெல்லப்பாகு வாசனை. உப்பு எடுக்கத் திரும்பினேன். அதற்குள் தம்பி பாதியை விழுங்கியிருந்தான்.

“டேய், அது என்னுதுடா!”

“இன்னொண்ணு கீதாண்ணா?”

அந்நேரம் பார்த்து அம்மா உள்ளே நுழைந்தாள்.

“ஐயோ, புள்ள வாயெல்லாம் ரத்தம்! இன்னாடா பண்ண அவன?”

“பீட்ரூட்டும்மா. நான்தான் சுட்டேன்.”

அவன் மோவாயைத் துடைத்து, விரலை முகர்ந்து பார்த்தாள். “துன்னுட்டியா என் ராசா!” என்று அவனைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். நான் கரிக்கையோடு நின்றேன். என்னைத் தூக்கவில்லை.

மறுநாள் தெருப் பெண்கள் வந்து பக்குவம் கேட்டார்கள். மண்ணை எவ்வளவு கனமாகப் பூச வேண்டும் என்று அம்மா கையைக் காட்டிக் காட்டி விளக்கினாள். என் பேர் வரவே இல்லை. எனக்கு வந்தது வேலைதான். தினமும் வந்ததும் வராததுமாக, “போடா, ஏரி மண்ணு கொண்டா. நீ கொண்டாந்தாதான் பதமா கீது” என்று விரட்டுவாள். தின்ன ஒருத்தன், மண் சுமக்க ஒருத்தனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவேன்.

நாள் முழுக்கச் சேற்றில் நின்று நடவு நட்டுவிட்டு வந்தவள் அவள். முழங்கால்வரை அப்பியிருந்த மண்ணை வழித்தாலே ஒரு கிழங்குக்குத் தாராளமாகக் காணும். ஆனாலும் என்னைத்தான் அனுப்பினாள். ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கிழங்கில் என் கையும் இருக்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறாள். இது இப்போது விளங்கிவிட்டது என்பதற்காக விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா சுட்டது என்று தம்பி தாராளமாகச் சொல்லட்டும். வித்தை அண்ணனுடையது, மண் அண்ணன் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே மேசையில், அதே ஆட்களுக்கு முன்னால், முதல் வாய் வைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்.