மாடனுக்குச் சுற்றிய சுருட்டு

தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தில் முருகம்மாள் சுருட்டு சுற்றிப் பிழைக்கிறாள். புருஷன் செத்த பிறகு கைக்குழந்தையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவள். அந்தக் குழந்தை இசக்கி இப்போது துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறான். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

சுருட்டு இழுக்காவிட்டால், அதாவது இழுக்கும்போது புகை வராவிட்டால், வாங்கியவன் சும்மா விடமாட்டான். அதனால் அவள் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை எடுத்து, தானே பற்றவைத்து இழுத்துப் பார்ப்பாள். புகை தாராளமாக வந்தால்தான் அந்தக் கட்டு வெளியே போகும். ஆனால் வருஷத்தில் ஒரு சுருட்டை மட்டும் யாரும் அப்படி இழுத்துப் பார்க்க முடியாது. அது ஆடி மாதக் கொடைத் திருவிழாவில் சுடலைமாடனுக்கு வைக்கிற சுருட்டு. சாமிக்குப் போவதில் மனுஷர் வாய் பட்டால் எச்சில். அதை வருஷத்துக்கு ஒருவர் முறைவைத்து, கொடையன்று காலையில், குளித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்ற வேண்டும். மத்தியானம் அருள் வந்து ஆடுகிற சாமியாடி அதை வாயில் வைத்து இழுப்பார். புகை வந்தால் மாடன் ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். வராவிட்டால் சுற்றியவர் வீட்டில் ஒரு உயிர் போகும் என்று எங்கள் ஜனங்கள் நம்புகிறார்கள். போன வருஷம் வேறொருவர் சுற்றிய சுருட்டு இழுக்கவில்லை. அந்த மாதமே அவருடைய மருமகன் காய்ச்சலில் போய்விட்டான். அவர்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டு, தூரத்தில் பாண்டுப் என்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள்.

இந்த வருஷம் முறை முருகம்மாளுக்கு வந்தது.

வந்த நேரமும் கெட்ட நேரம். சித்திரையில் துறைமுகத்தில், யுத்தத்துக்கு வெடிகுண்டு ஏற்றிவந்த கப்பல் வெடித்ததை எல்லோரும் அறிவார்கள். தாராவியிலேயே பாத்திரங்கள் அதிர்ந்தன. இசக்கி அன்று வேறு பக்கம் வேலையாக இருந்ததால் தப்பினான். இப்போது அங்கே இடிபாடுகளை அள்ளுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் வீடு திரும்பும்வரை முருகம்மாள் வாசலை விட்டு நகரமாட்டாள்.

அதோடு மழை. ஆடி பிறந்ததிலிருந்து புகையிலை ஈரம் விடவில்லை. ஈர இலை உள்ளே ஊதிப்போய்ச் சுருட்டை அடைத்துவிடும். அடுத்த வீட்டுக் கணேசபாண்டியன் ஒரு சுருட்டை வாங்கி இழுத்துவிட்டுக் கன்னத்தைத் தடவினார்.

"என்ன மதினி, ஒரு சுருட்டு இழுக்க ரெண்டு ஆளு கூலிக்குப் பிடிக்கணும் போலிருக்கே?"

அவர்தான் சாமியாடி. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். முருகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே புகையிலைக் கடை அபுதாஹிரிடம் போய் நின்றாள்.

"பாய், காஞ்ச இலை ஒரு கை குடுங்க. சாமி காரியம்."

"நான் என்ன செய்ய முருகம்மா? வேகன்லயே நனைஞ்சு வந்திருக்கு. யுத்த காலத்துல இது கிடைக்கதே பெரிசு. அடுப்புல காட்டிப் பாரேன்."

கொடையன்று காலையில் அவள் அதைத்தான் செய்தாள். அடுப்பு மேல் காட்டிய இலை ஓரத்தில் பொடிந்தது. நடுவில் ஈரம் அப்படியே இருந்தது. இருந்ததில் நல்லதைப் பொறுக்கி ஒரே மாதிரி இரண்டு சுருட்டு சுற்றினாள். ஒன்று மாடனுக்கு, இன்னொன்று தான் இழுத்துப் பார்க்க. தன்னுடையதைப் பற்றவைத்தாள். வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு துளிப் புகை வரவில்லை. மற்றதும் இதே இலை, இதே கை. அதுவும் இழுக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சந்து முனையில் மேளச் சத்தம் கேட்டது. சுருட்டை வாங்கிப்போக வருகிறார்கள். பிரித்துச் சுற்ற நேரமில்லை. நடுவில் மெல்லிதாக ஒரு துளை விட்டால் புகை வரும். எதைக் கொண்டு விடுவது? ஊசி நீளம் போதாது. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறு கண்ணில் பட்டது.

அதிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். சேலையில் துடைத்தாள். சுருட்டின் நுனியிலிருந்து அடிவரை செலுத்தி, மெதுவாக வெளியே இழுத்தாள். பிறகு துளை அடையாதபடி நுனி இலையைப் பசை தடவி ஒட்டினாள். அதற்குள் வாசலில் தாம்பாளத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் சுருட்டை வெற்றிலைமேல் வைத்துக் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. குப்பை கூட்டுகிற விளக்குமாறு! எச்சில் படக் கூடாத பொருளுக்குள் அதை நுழைத்திருக்கிறாள். இழுக்காமல் போயிருந்தால்கூட மழையைக் குற்றம் சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்வது?

தார்ப்பாய்ப் பந்தலில் கூட்டம் நெருக்கியது. கணேசபாண்டியன் அருள் வந்து, கண் சிவந்து, காலில் சலங்கையோடு ஆடினார். சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். மேளம் நின்றது. முருகம்மாள் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன், "விடும்மா, வலிக்கு" என்று முணுமுணுத்தான்.

சாமி இழுத்தது. நுனி பழுத்தது. புகை குபுகுபுவென்று வந்து பந்தல் கூரையைத் தொட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

சாமி அவளைப் பார்த்து வந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் சாமி இசக்கி முன்னால் நின்று, சாம்பலை எடுத்து அவன் நெற்றியில் அப்பியது.

"எங்க வேணாலும் போலே. நான் நிக்கேன் உன் பின்னால!"

வீட்டுக்கு வரும்போது இசக்கி துள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா, முங்கின கப்பல்ல உள்ள இறங்கிச் சாமான் எடுக்க ஆள் கேக்காவ. சாமி சுருட்டை ஏத்துக்கிட்டா வாரேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிவச்சிருந்தேன். நாளைக்கே போறேன்."

"வேண்டாம்ல."

"மாடனே நிக்கேன்னு சொல்லியாச்சு. இனி என்னம்மா பயம்?"

"வெடிக்காத குண்டு உள்ள கிடக்குன்னு நீதானல சொன்னே?"

"கிடந்தா என்ன? நம்ம சுருட்டு இழுத்துச்சுல்லா? ஊரே பாத்துச்சே."

அவள் அழுதாள், கெஞ்சினாள். அவன் நெற்றிச் சாம்பலைத் தொட்டுக்காட்டிச் சிரித்தான். இனி அவனைத் தடுக்க ஒன்றுதான் இருந்தது, உண்மையைச் சொல்வது. சொன்னால் தெய்வக் குற்றம் தன் வாயாலேயே வெளியே வரும். சந்துக்குத் தெரிந்தால் பாண்டுப்பிலும் இடம் கிடைக்காது. அவள் கதவைச் சாத்தினாள்.

"அது சாமி இழுத்தது இல்லலே. நான் துளை போட்டேன்."

"எதை வச்சு?"

அவள் மூலையைக் காட்டினாள்.

இசக்கி விளக்குமாற்றைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவன் கை மெல்ல நெற்றிக்குப் போய்ச் சாம்பலைத் துடைத்தது. அந்த வெடிச் சத்தத்துக்குக்கூடப் பயப்படாதவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"சாமிக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாம இருக்குமா?"

"பின்னே ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அதாம்ல எனக்கும் பயமா இருக்கு" என்றாள் முருகம்மாள்.

மறுநாள் அவன் கப்பலுக்குப் போகவில்லை. மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினான். அம்மாவும் மகனும் பகல் முழுவதும் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தார்கள். வெளியே யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்துபோனால், மாடன்தான் வந்துவிட்டானோ என்று இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.