வில்லியனூர் போவதற்குள் நீண்டுபோன தாம்பூலப் பை

காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு அபிஷேகப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். கையில் ஒரு பை. உல்லன் நூலும், கழுவிக் காயவைத்து நாடாவாக வெட்டிய பால் பாக்கெட்டும் வைத்துக் கொக்கி ஊசியால் நானே பின்னியது. வில்லியனூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டில் இரண்டு மாதத்தில் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுக்க நூற்றைம்பது தாம்பூலப் பை வேண்டும் என்று கல்யாணப் பெண் நித்யா போட்டோவைப் பார்த்துக் கேட்டிருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. மாதிரிப் பையைப் பார்த்து அவர் சரி என்றால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் இன்று சாயங்காலமே கடையில் அச்சடித்த மஞ்சள் பைக்குச் சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து பின்னுகிறோம். வெளியூர் ஆர்டர் இதுதான் முதல். பேசுவதெல்லாம் செல்வி. ஆனால் அவளுக்கு மூன்று நாளாகத் தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மற்ற இருவரும் நடவுக்குப் போய்விட்டார்கள். அதனால் நான் கிளம்பும்படி ஆயிற்று. யாராவது பெயர் கேட்டாலே எனக்குப் பாதிப் பெயர்தான் வெளியே வரும்.

பை முழுக்க நாடாவிலேயே பின்னலாம் என்றுதான் செல்வி சொன்னாள். அடிப்பாகம் மட்டும் நாடா, மேலே எல்லாம் நூல் என்று பிடிவாதம் பிடித்தது நான். வாயால் பிடிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் நூலில் பின்னிக்கொண்டே இருந்தேன். அவள் பேசி முடிப்பதற்குள் பை முடிந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆட்டோ கிளம்பும்போது செல்வி ஓடிவந்தாள். "வெறும் பைய எட்துகினு கல்யாண வூட்டுக்குப் போவாத பெரிம்மா" என்று காற்றுக் குரலில் சொல்லி ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் உள்ளே போட்டாள். அப்போது பை கைப்பிடியோடு இரண்டு சாண்.

தவளக்குப்பம் மூன்று கிலோமீட்டர், பத்து ரூபாய். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பையைப் பார்த்தார்.

"இன்னா ஆயா, தேங்காய வல போட்டுப் புடிச்சியா?"

நான் வயல் பக்கம் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

எட்டே முக்காலுக்குப் புதுச்சேரி பஸ். பையை முன் சீட்டுக் கம்பியில் மாட்டினேன். அரியாங்குப்பத்தில் வேலைக்குப் போகிற டூவீலர்கள் பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டன. பாலத்தில் நின்று நின்று போனோம். ஒவ்வொரு பிரேக்குக்கும் பை ஊஞ்சலாடியது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி அளந்தேன். இரண்டரைச் சாண். என் கைதான் சின்னதாகிவிட்டதோ என்று மறுபடி அளந்தேன்.

ஒன்பதரைக்கு வில்லியனூர் பஸ். பத்து கிலோமீட்டர் இருக்கும் என்றார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறார்.

"இதுல எடம் கீதே" என்று அவரே சொல்லி, தண்ணீர் பாட்டிலை என் பைக்குள் வைத்தார். நெல்லித்தோப்பு சிக்னலில் ஒரு கிலோ கத்தரிக்காயும் உள்ளே வந்தது. ரெட்டியார்பாளையத்தில் செருப்புப் பார்சல்.

இது விற்கிற பை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்னா, குறுக்க ஏதாச்சும் வெச்சிட்டனா?" என்றார்.

"இல்ல, பரவால்ல" என்றேன்.

மூலகுளத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, "நல்ல பை, தாங்குது" என்று பாராட்டிவிட்டு இறங்கினார். சாமான் போன பிறகும் பை மேலே ஏறவில்லை. கண்டக்டர் குனிந்து பார்த்து, "ஆயா, பை கீழ எறங்கிடுச்சி, நீ இன்னும் எறங்கலியா?" என்றார்.

பத்தேகாலுக்கு வில்லியனூர். கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து பின்தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தேன். பை தரையில் படாமல் இருக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நித்யாவின் அம்மா பையை வாங்கி முழுவதும் தொங்கவிட்டுப் பார்த்தார். மூன்று சாண்.

"இது பையா, தூளியா? கல்யாணத்தன்னிக்கே தூளியும் குடுத்து அனுப்பறீங்களா?"

கல்யாண வேலை பேச வந்து கூடத்தில் இருந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நித்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மா, சும்மா இருமா" என்றாள்.

"ஒரு தேங்காய்க்கே இப்டின்னா, வர்றவங்க தெருவப் பெருக்கிகினே வூடு போவாங்க. மஞ்சப் பைக்குப் போன் போடுடி."

கத்தரிக்காய் அம்மாள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவ்வளவு நீளமாகப் பேச எனக்கு வரவில்லை. தலை குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் பையின் அடிப்பாகம் தெரிந்தது. நூல் தொங்கியிருந்தது. நாடா பின்னின அடிப்பாகம் மட்டும் வீட்டில் இருந்தபடியே ஒரு விரல்கூட நகராமல் இருந்தது.

"தப்பு என்னுதும்மா. நூலு தொங்கிடுச்சி. நாடா தொங்கல. காலி பால் பாக்கெட் கீதா?"

கல்யாண வீடு. பன்னிரண்டு பாக்கெட் இருந்தது. நித்யா குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் கழுவி, துடைத்து, ஃபேனுக்குக் கீழே பரப்பினாள். நான் கீழே உட்கார்ந்து நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். பை வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டே வந்தது.

"அய்ய, இருக்கறதையும் பிரிச்சிட்டாங்களே" என்றார் அம்மா.

பாக்கெட்டைச் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டி, நாடாவையும் நூலையும் சேர்த்துப் பிடித்து, இடுப்பில் செருகி வந்த கொக்கி ஊசியால் பழைய அடிப்பாகத்தின் மேலேயே பின்ன ஆரம்பித்தேன். தலையை நிமிர்த்தவில்லை. சாம்பார் சாதம் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பின்னினேன். ஒன்றேகாலுக்கு முடிந்தது. இரண்டு சாண்.

நித்யாவின் அம்மா அதைக் கதவுக் கொக்கியில் மாட்டினார். ஒரு தேங்காய் போட்டார். இரண்டாவது போட்டார். கடையிலிருந்து ஒரு கிலோ வெல்லம் வரவழைத்து அதையும் போட்டார். பிறகு என் கையை நம்பாமல் தன் கையால் அளந்துவிட்டு, சாப்பிடப் போனார். அவர் மோர் சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து மறுபடி அளந்தார். பை இறங்கவில்லை.

"இந்த ஊதா கோடு எங்க வூட்டு பாக்கெட்டுதான?"

"ஆமாம்மா."

"அப்ப நூத்தம்பதையும் எங்க பாக்கெட்லயே பண்ணிடுங்க. எங்கயோ கெடந்த குப்ப எங்க வூட்டு விசேஷத்துக்கு வேணாம். இன்னும் ரெண்டு மாசம் கீது. கடையில பால் வாங்கறவங்க கிட்டலாம் காலி பாக்கெட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லிடறேன்."

"குப்ப குப்பதானமா" என்றாள் நித்யா.

"எங்க குப்பைடி."

அதன்பிறகு என்ன ஆயிற்றோ, நான் பேச ஆரம்பித்துவிட்டேன். மூலையை வெட்டக் கூடாது, மேல் விளிம்பை நேராக வெட்டணும். உடனே அலசணும், வைத்திருந்தால் வீச்சம் போகாது. சோப்பு ஒரு சொட்டுப் போதும். தலைகீழாக மாட்டணும், வெயிலில் போட்டால் சுருங்கும். அம்மா கடை நோட்டில் எழுதிக்கொண்டே வந்து, "மெதுவா சொல்லுங்க, கை வலிக்குது" என்றார்.

நான்கு மணிக்குத் திரும்பும் பஸ். அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் வரும்போது இரண்டு ஊரையும் நினைத்துப் பார்த்தேன். பால் ஒன்றுதான், பாக்கெட்டும் ஒன்றுதான். வில்லியனூரில் கத்தரிக்கோல் வைத்து வெட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் என் மகன் பல்லால் கடித்துத்தான் திறப்பான். கடித்த பாக்கெட்டில் நாடா நேராக வராது. இத்தனை நாளாக இதை அவனிடம் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தவளக்குப்பம் வரைக்கும் மனதுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவன் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"போன காரியம் இன்னா ஆச்சிமா?"

"கெடைச்சிடுச்சி" என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்து அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். நாடாவில்தான் கட்டினேன்.