எட்டுப் படையலுக்கு வாங்கிய இறால் வடை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் என் மச்சான், அதுதான் தங்கச்சி புருஷன், செத்த எட்டாம் நாள் நடந்ததை மட்டும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் இலங்கையில் குருவிட்டப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் ஏறிவிடுவோம். குருவிட்டயில் தள்ளுவண்டிக் கடலை, இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் இறால் வடை, பிறகு முஸ்லிம் நானா கடையில் பராட்டா என்று கடை கடையாகத் தின்றுகொண்டே போவோம். நெஞ்சில் கோளாறு, எண்ணெய்ப் பலகாரமே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவனைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். ஒரு ஞாயிறு தங்கச்சி ராணி அவன் சட்டையை ஒளித்து வைத்துவிட்டாள். வீட்டில் ஒரே சண்டை. மறுநாள் காலையிலும் அவளோடு பேசாமல் ரப்பர் பால் வெட்டப் போனவன் மரத்தடியிலேயே விழுந்து செத்துப்போனான்.

அன்றிலிருந்து ராணி வெறும் தேத்தண்ணியில் கிடந்தாள். எங்கள் ஆட்களின் வழக்கப்படி எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, விளக்கேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்போம். திறக்கும்போது ஏதாவது குறைந்திருந்தால் ஆள் வந்து சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"அண்ணே, அவரு திங்கிற கடையிலயே வாங்கிட்டு வாங்க. வடை மூணு வாங்குங்க. அவரு வந்து தொட்டாருன்னா எம்மேல கோவம் இல்லைன்னு மனச தேத்திக்குவேன்" என்றாள்.

படையலுக்கு வாங்கியதை முன்னால் யாரும் வாயில் வைக்கக்கூடாது. இது எனக்குத் தெரியாதா? எல்லாக் கடையும் ஏறி வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். அது யுத்த காலம். வழியில் ஆமி செக்பொயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தி, ஐடென்டி கார்டைப் பார்த்து, தமிழ் ஆட்களை மட்டும் ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். மழை தூறுகிறது, காலையிலிருந்து பட்டினி, கையில் அந்த வாசனை, கை தானாகப் பார்சலுக்குள் போய்விட்டது. பாதி வடை உள்ளே போன பிறகுதான் புத்தி வந்தது. மிச்சப் பாதியை ரோட்டோரப் புல்லில் வீசினேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இலை போட்டது நான்தான். வடை இரண்டே இரண்டு வைத்தேன். ராணியிடம் மூச்சு விடவில்லை. பொழுது இறங்குகிற நேரம், லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாம் வாசலில் இருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

ராணிதான் கதவைத் திறந்தாள். இலையில் இரண்டு முழு வடை, பக்கத்தில் ஒரு பாதி வடை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். மழையில் நனைந்த பாதி, ஓரத்தில் புல் ஒட்டியிருந்தது. எனக்கு முன்பல் ஒன்று கிடையாது, கடித்த இடத்தில் அந்த ஓட்டையின் அளவுக்கு வடை மிஞ்சி நின்றது.

"சாப்பிட்டிருக்காரு அண்ணே" என்று அழுதாள். நான் தடுப்பதற்குள் புல்லைத் தட்டிவிட்டு, அந்தப் பாதியைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். என் எச்சிலை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு தின்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல? பாவி, நானே அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

அதற்குப் பிறகு வருசா வருசம் திவசத்துக்கு நானே போய் அதே கடைகளில் வாங்கி வருகிறேன். ஒரு துணுக்கும் வாயில் படுவதில்லை. கதவைத் திறந்தால் வைத்தது வைத்தபடியே இருக்கிறது, ஒரு தடவைகூட எதுவும் குறைந்ததில்லை. போன திவசத்திலும் ராணி அந்த இலை முன்னால் உட்கார்ந்து வடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"அன்னிக்கு வந்து சாப்பிட்டாரே அண்ணே. அதுக்கப்புறம் நான் என்ன தப்பு பண்ணுனேன்?"