பாப் ஆச்சுங்களா?

என் வீட்டுக்காரர் கொரியாவிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு சொல்தான். கொரியாச் சண்டையின்போது பட்டாளத்தில் காயத்துக்குக் கட்டுப்போடும் வேலையாக அங்கே போயிருந்தவர். 'பாப்' என்றால் சோறு. கல்யாணமான புதிதில் எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

"சோறு மட்டுமில்ல அம்மிணி. பார்லிய வேகவெச்சாலும் பாப்புத்தான். வவுத்துக்குப் போறதெல்லாம் பாப்புத்தான்" என்றார்.

"பாப் மொகொஸ்ஸோயோ?" சாப்பிட்டாயிற்றா என்று அங்கேயும் விசாரிப்பார்களாம். நாமென்றால் பசித்தாலும் "ஆச்சுங்க" என்போம். அங்கே ஒரு கிழவரை இவர் சும்மா கேட்கப்போக, அவர் இல்லையென்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து இவருக்கு ஒரு பிடிவாதம். கேட்டால் சோறு போட்டாக வேண்டும். நல்ல பிடிவாதம்! அடுப்பில் வேகிறவள் நானல்லவா?

எங்கள் கல்யாணம் அம்மாவும் தாய்மாமனும் முடித்தது. "காடு தோட்டமில்லாத பட்டாளத்தான் உனக்குச் சோறு போடுவானா?" என்று கேட்ட அப்பா, சேந்தமங்கலத்திலிருந்து நாங்கள் குடியிருந்த மோகனூருக்கு எட்டிப் பார்க்கவே இல்லை. அறுபதுகளில் அரிசி கிடைக்காமல் அலைந்த வருஷம், திடீரென்று வருவதாகச் சொல்லியனுப்பினார். அவருக்கென்று ஒளித்துவைத்த கொஞ்சம் அரிசியை அன்று வடித்து இறக்கினேன்.

ஆலைக்குக் கரும்பு வெட்ட வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் தண்ணீர் கேட்டார்கள். இவர் கேட்டுவிட்டார், "சாப்டாச்சுங்களா?" அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கப்பன் வார நேரத்துல உங்க 'பாப்'பக் கொண்டுபோயிக் காவேரியில போடுங்க!"

"கேட்டுப்போட்டனே அம்மிணி."

முணுமுணுத்துக்கொண்டே நான்தான் இலை போட்டேன்.

அவர்கள் உண்டுகொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே வந்தார். பானையில் பருக்கை இல்லை. அவமானத்தோடு கேழ்வரகுக் களியைத் தட்டில் வைத்தேன். இவர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், கொரியாக் கிழவரையும் சேர்த்து. அப்பா கேட்டுக்கொண்டே களியை விழுங்கினார். இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினார்.

கை கழுவி வந்தவர் என்னிடம், "இதுவும் அந்தப் பாப்புத்தானே சாமி?" என்றார்.

அறுப்பு முடிந்ததும் மறுபடி வந்தார். வண்டி நிறைய நெல் மூட்டை. இறங்கும் முன்னே தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாப்பிள்ளை, பாப் ஆச்சுங்களா?"