அம்மா எழுந்து போகாத இசைத்தட்டு

என் மாமா சாக்ஸபோன் வாசிப்பவர் என்று சொன்னால், கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிப்பவர் என்றுதான் பள்ளித் தோழிகள் புரிந்துகொண்டார்கள். அதுவும் உண்மைதான், அவருக்கு வயிற்றுப்பாடு அதில்தான் நடந்தது. மற்ற நேரங்களில் அவர் ஃப்ரீ ஜாஸ் வாசித்தார். அதில் மெட்டு, தாளம், பல்லவி எதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று எனக்கு ஒருமுறை விளக்கினார். எங்கள் தெருவுக்கு யாரும் விளக்கவில்லை.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தாள். கூடுவாஞ்சேரியில் அவர் குடியிருந்த வீட்டுக்காரர் அந்த வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ரயிலேறித் தாம்பரம் வந்து, எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பார். தலைக்கு மேலே விமானப்படை விமானம் போனாலும் நிறுத்த மாட்டார். அதோடு சேர்ந்து சாக்ஸபோனை இன்னும் உரக்கக் கத்த வைப்பார். எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் கீழேயிருந்து குரல் கொடுப்பார்: "இன்னா சார், பிளேனாண்ட சண்டை போட்டுகினு கீறியா? அது போய்ட்ச்சு, எறங்கி வா!"

மாமாவின் முதல் இசைத்தட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, ஹாலில் உட்கார்ந்து கேட்டோம். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே அம்மா, "குக்கரைப் பாக்கணும்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். இசைத்தட்டு முடியும்வரை திரும்பி வரவில்லை.  அன்று மாமா பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்ததற்கு ஒரு வருடத்துக்கு மேல் உழைத்தார். பெரிய சாக்ஸபோனை ஓரமாக வைத்துவிட்டுச் சின்னதாக, நேராக, குழல் மாதிரி ஒன்று வாங்கினார். சில பாட்டுகளில் புல்லாங்குழலும் வாசித்தார். குச்சியால் தட்டி வாசிக்கும் என் விளையாட்டுச் சைலபோனைக்கூட இரவல் வாங்கிப் போனார். அது இன்றுவரை திரும்பி வரவில்லை. எல்லாம் முடிந்ததும் மாடிப்படியில் என்னை நிறுத்தி ரகசியமாகச் சொன்னார்: "இந்தத் தடவை உங்கம்மா எழுந்து போகக்கூடாது. முந்தானையைப் பிடிச்சுகிட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கோ. கடைசி வரைக்கும் கேட்டுட்டாங்கன்னா, உனக்கு ஃபலூடா."

அந்த ஞாயிறும் வந்தது. தட்டைப் பாட்டுப்பெட்டிக்குள் வைக்கும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார். "மச்சான், இதுல பாட்டு வருமா? இல்ல, போன தடவை மாதிரி ஆக்சிடென்ட்தானா?"

பாட்டு வந்தது. ஒன்று தூறல் மாதிரி விட்டுவிட்டு விழுந்தது. ஒன்று மார்க்கெட்டுக்குள் நடந்து போவது மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. இன்னொன்றில் வெறும் மூச்சும் என் சைலபோனும்தான். அப்பா தொடையில் தாளம் போட்டார். நான் முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கைகளை மடியில் வைத்து, தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பது போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரைக்கும்.

"இப்பதான் மச்சான் இது மியூசிக்!" என்றார் அப்பா. மாமா அவர் பக்கம் திரும்பவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையாடா?" என்று கேட்டாள் அம்மா.

"நல்லாத்தானேக்கா இருக்கேன்."

"அப்புறம் ஏன் ஒரு இடத்துலகூடக் கத்தல?"

மாமா தரையைப் பார்த்தார். "போன தடவை நீ எழுந்து போயிட்டியேக்கா."

"எழுந்து போனா? கிச்சன்ல நின்னு முழுசும் கேட்டேன். சும்மா உக்காந்தா எனக்கு எதுவும் காதுல ஏறாதுடா, கையில வேலை இருக்கணும். அந்தத் தட்டுல மூணாவது பாட்டுல ஒரு இடம் வருமே. சின்ன வயசுல நீ கீழ விழுந்துட்டா, அழறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுகிட்டு நிப்பியே, அப்புறம் வீல்னு ஒரு கத்து. அச்சு அசல் அதேதான். இது நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கத்து வரவேயில்லையேன்னு எனக்கு பயமா இருந்துச்சுடா."

மாமா சிரித்தார். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சாயங்கால வரவேற்புக்காகக் கொண்டுவந்திருந்த பெரிய சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கேட்டது. அம்மா சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.

ஃபலூடா வரவில்லை. கடைசி வரை பிடித்து வைத்திருந்தது நான். எல்லாம் நன்றாக முடிந்த நேரத்தில் வேண்டாத கேள்வி கேட்டுக் கெடுத்தது அம்மா. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

என் மகனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அவனைத் தூங்கவைக்க அந்த இரண்டாவது இசைத்தட்டைத்தான் மெதுவாக ஓடவிடுகிறேன். இப்படிப் பழக்கலாமா கூடாதா என்று டாக்டரிடம் கேட்க நினைத்து, சிரிப்பாரோ என்று விட்டுவிட்டேன். அவன் வீறிட்டு அழும்போது, "இதோ வரேன்டா" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டு கை வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறேன். சத்தமே வரவில்லையென்றால்தான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன்.