அமாவாசைத் தட்டு

அப்பா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஓர் அலுமினியத் தட்டு. போர்க்காலத்தில் அங்கே படையில் சேர்ந்து, தோற்றபின் அகதியாகக் காட்டு வழியே நடந்து வந்தவர். தட்டு அவருடையதுகூட இல்லை. வழியில் காய்ச்சலில் இறந்துபோன சிநேகிதருடையது. அவருக்குத் திதி கொடுக்க யாரும் இல்லையாம். அதனால் அமாவாசைதோறும் அப்பாவே அந்தத் தட்டில் சோறு போட்டு எங்கள் சேலையூர் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் வைப்பார். காக்கை தின்ற பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. காக்கைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அது தாமதித்தால் தாம்பரத்தில் என் ஆபீஸ் ரயில் போய்விடும். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மியூசியத்திலிருந்து போர்க்காலப் பொருள்கள் கேட்டு வந்தார்கள். அப்பா தட்டைக் கொடுத்துவிட்டார். "எனக்கப்புறம் நீங்க யாரும் சோறு வெக்கப் போறதில்ல. அங்கயாவது பத்திரமா இருக்கட்டும்" என்றார். உண்மைதான்.

அடுத்த அமாவாசைக்கு எவர்சில்வர் தட்டில் வைத்தார். காக்கை உடனே வந்து தின்றது. அப்பா மட்டும் குட்டி போட்ட பூனை மாதிரி மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார்.

"காக்கா சாப்டாச்சுப்பா, நீங்க உக்காருங்க."

"காக்கா சாப்டுச்சு. அவன் சாப்ட்டானா?"

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அதற்கடுத்த அமாவாசையன்று டிபன் பாக்ஸில் சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் முணுமுணுத்துக்கொண்டே லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

மியூசியத்தில் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். கீழே அப்பாவின் பெயர், அவர் பயன்படுத்தியது என்று. சிநேகிதரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"இன்னா பெரியவரே, சோறெல்லாம் உள்ள எடுத்துகினு வரக்கூடாது" என்றார் காவலாளி.

அப்பா நகரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"வாங்கப்பா, எழுதினத மாத்தச் சொல்லலாம். அவர் தட்டுன்னு போடச் சொல்லலாம்."

"அதுல தப்பில்ல. கடைசியா அதுல சாப்ட்டது நான்தான்" என்றார். "அவனுக்குக் காய்ச்சின கஞ்சி. பசி தாங்கல, குடிச்சிட்டேன். அப்ப அவன் சாகல. என்னயே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தான்."