ஒரு ‘ஸ்’ குறைந்த பலகை

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் புளி மண்டியின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து குறைந்தால் உலகத்துக்கு என்ன நஷ்டம்? ஆனால் போன வாரம் ஒரு பெரிய மனிதர் என் முதுகில் தட்டி, “நாலு தலமொறயா நடக்கற யாவாரம், உனக்கென்ன கொறச்சலு தம்பி” என்றார். அந்த ஒரு தட்டுக்குத்தான் இத்தனையும்.

தாத்தாவின் அப்பா கழுதைமேல் உப்பு ஏற்றி வத்தல்மலைக்குப் போவாராம். உப்பைக் கொடுத்துவிட்டுப் புளியோடு இறங்குவாராம். கழுதைகளுக்குப் பங்கு கேட்கத் தெரியாததால் அவர் காலத்தில் சண்டை இல்லை. தாத்தா பொம்மிடி ரயிலடிக்கு எதிரே மண்டி போட்டார். வெள்ளைக்காரக் கம்பெனிகளைப் பார்த்து, தன் பெயருக்குப் பக்கத்தில் ‘அண்டு சன்ஸ்’ என்று எழுதி மாட்டினார். அவருக்கு மூன்று மகன்கள். அவர் கண்ணை மூடியதும் என் அப்பா, தம்பிகள் இருவரையும் வெளியே தள்ளினார். ஒருவர் நல்லம்பள்ளியில் ஏர் பிடித்தார். இன்னொருவர் பென்னாகரம் பக்கம் ஆடு மேய்த்தார். பலகையில் மட்டும் ‘சன்ஸ்’ அப்படியே தொங்கியது. உள்ளே இருந்தது ஒரே ஒரு சன்.

என் தலைமுறையில் நாங்கள் இரண்டு பேர். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. தேறி கல்லாப்பெட்டி மெத்தையில் உட்கார்ந்தான். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்திலேயே கவிழ்ந்து புளிக்கு நடுவே வந்து விழுந்தேன். மலையிலிருந்து புளி கொண்டு வருகிறவர்களிடம் அண்ணனுக்குப் பேச்சு வராது. கொட்டை அதிகம் என்று முகத்தைச் சுளிப்பான்; அவர்கள் கூடையைத் திரும்பத் தூக்குவார்கள். நான் ஓடிப்போய், “எங்கண்ணன் மூஞ்சியவிடப் புளிக்குதான்னு பாக்கலாம், எறக்குங்க மாமா” என்பேன். சிரித்துக்கொண்டே இறக்குவார்கள்.

ஜெர்மன்காரன் சண்டை முடிந்த வருஷம், பழைய பலகை உளுத்துப்போய்ப் புதுசு வந்தது. பெயிண்டர் ஏணியில் நின்று மாட்டினான். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘அண்டு சன்’.

“நைனா, பெயிண்டரு ஒரு எழுத்த முழுங்கிட்டானுங்க.”

“அவன் முழுங்கல. நாந்தான் வேணாம்னேன்,” என்றார் அப்பா.

“அப்ப நான் யாருங்க, புளியங்கொட்டயா?”

அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

“அந்த எழுத்தக் காட்டித்தான்டா உன் சித்தப்பனுங்க பஞ்சாயத்துல பங்கு கேட்டானுங்க. பலகையிலயே நாங்க இருக்கோம்னு கத்துனானுங்க. ஊரு முன்னால நான் தல குனிஞ்சு நின்னது போதும். உனக்கு வூட்ல சோறு உண்டு, துணி உண்டு. போயி மூட்டயப் பாரு.”

தம்பிகளுக்குச் செய்த துரோகத்திலிருந்து இந்த மனுஷன் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: அடுத்த தடவை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். ஒரு மகன் இருந்த கடையில் ‘ஸ்’ இருந்தது. இரண்டு மகன்கள் உழைக்கிற கடையில் ‘ஸ்’ இல்லை.

ஏணியில் ஏறினேன். கரித்துண்டால் கடைசியில் பெரிதாக ஒரு ‘ஸ்’ போட்டேன். ரயிலுக்கு நின்ற கூட்டம் கைதட்டியது. அண்ணன் ஈரத்துணியோடு வந்து துடைத்தான். காயாத பெயிண்டும் கரியும் கலந்து ‘சன்’னே பாதி அழிந்தது. அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து, மலைக்காரர்கள் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார்.

நேரே மண்டியின் பின்பக்கம் போனேன். எங்களிடம் மூட்டை தூக்குகிற என் கூட்டாளி, சாக்குக்குள் நின்று புளியை மிதித்துக்கொண்டிருந்தான்.

“இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் மனுசனே இல்லடா. சேலத்து வண்டி வருது, ஏறிப் போயிடறேன். பங்கும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்,” என்றேன்.

அவன் மிதிப்பதை நிறுத்தவில்லை.

“நீயாவே ரயிலேறிட்டா, உங்க நைனாவுக்கு வேற என்னாடா வேணும்?”